சென்னை, ஊட்டி, டொரண்டோ: ஒரே விதையை மூன்று ஊரிலும் போடலாமா?

மாடிப்பந்தல் (கேள்வி)

வணக்கம். மேடவாக்கத்தில் மூன்றாம் மாடிக்கு மேல் மொட்டைமாடி. காலையிலிருந்து மாலை வரை நேர் வெயில். நாட்டுத் தக்காளி, கொத்தமல்லி, கொடி அவரை, பாகல், பீர்க்கு எல்லாம் பைகளில் இருக்கின்றன. ஏப்ரல் பாதியிலிருந்து தக்காளி கொத்துக் கொத்தாகப் பூத்து, அத்தனையும் காம்போடு உதிர்கிறது. மல்லி ஒரு சாண் வளர்வதற்குள் பூத்துவிடுகிறது. பீர்க்கம்பிஞ்சு விரல் நீளத்தில் மஞ்சளாகி விழுகிறது. செம்மண், கோகோபீட் (தென்னை நார்த்தூள்), மண்புழு உரம் மூன்றும் சம அளவில் கலந்த கலவை. போர்வெல் தண்ணீர், காலையில் ஒரு வேளை.

இந்த விதைகளில் பாதியை ஊட்டியில் இருக்கும் தம்பிக்கும் டொரண்டோவில் இருக்கும் அக்காவுக்கும் கொடுக்கலாம் என்று யோசனை. அங்கே எதை, எந்த மாதம் போடச் சொல்வது? அக்கா கறிவேப்பிலை வளர்க்கவும் வழி கேட்கிறார்.

பட்டம்பார்ப்பவர்

உங்கள் கலவையில் குறை இல்லை. மாதம்தான் தப்பு. உரத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் ஒன்றும் நடக்காது.

தக்காளிக்குப் பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலோ, இரவு 24க்குக் கீழே இறங்காவிட்டாலோ மகரந்தம் வீணாகிவிடும். செடி பார்க்கப் பச்சையாக இருக்கும், பூவும் எடுக்கும், ஆனால் காய் பிடிக்காது. சென்னையில் மே மாத இரவு 27, 28 டிகிரி. பகல் வெயிலை நிழல்வலை கட்டிக் குறைக்கலாம். இரவுச் சூட்டை எதைக் கட்டிக் குறைப்பது? கான்கிரீட் தளம் வேறு பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் விட்டுக்கொண்டே இருக்கும். பைகளை அரை அடி உயர இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினால் வேராவது பிழைக்கும்.

சென்னைக்கு என் கணக்கு இது: நவம்பர் முதல் வாரம் நாற்று விடுங்கள், டிசம்பர் தொடக்கத்தில் பைக்கு மாற்றுங்கள், ஜனவரியில் பூ, பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் முடிய காய். செப்டம்பரிலேயே விட்டால் வடகிழக்குப் பருவமழை நட்ட செடி மேலேயே கொட்டும். தண்டு அழுகும், இலைப்புள்ளி வரும். நாற்றுத் தட்டை 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சிவலைக்குள் வையுங்கள். இலைச்சுருட்டு வைரஸைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. இளம் நாற்றில் தொற்றினால் அந்தச் செடியில் விளைச்சலே இருக்காது. அதற்கு மருந்து கிடையாது, பிடுங்கிப் போட வேண்டியதுதான். தக்காளிக்கு 15க்கு 15 அங்குலப் பை வேண்டும், ஏறக்குறைய 40 லிட்டர் கொள்ளும். 12க்கு 12 பையில் 20 லிட்டர்தான். வெயில் காலத்தில் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். காய்ந்து காய்ந்து நனைந்தால் காயின் அடி கறுத்துப் போகும். சுண்ணாம்புச் சத்து மண்ணில் இருந்தாலும் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது அது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதைவிட காலை, மாலை இரு வேளை அளவாகத் தண்ணீர் விடுவதும், மேலே இரண்டு அங்குலம் காய்ந்த சருகு மூடாக்குப் போடுவதும் பலன் தரும்.

பீர்க்கு வேறு கதை. விழுந்த பிஞ்சை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே புழு இருந்தால் பழ ஈ. இல்லையென்றால் மகரந்தம் சேரவில்லை. பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும், சுரையும் புடலையும் அப்படியே. பாகல் மட்டும் காலையில். உயர மாடிகளுக்கு அந்திப்பூச்சிகள் அவ்வளவாக வருவதில்லை. மாலை ஆறு மணி வாக்கில் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, அடியில் குட்டிக்காய் இருக்கும் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டு எடுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு, மூன்று பெண் பூவுக்குப் போதும். பழ ஈயாக இருந்தால், காய் பிடித்ததும் காகித உறை போட்டுக் கட்டுங்கள். விழுந்த பிஞ்சுகளைத் தொட்டியடியில் விடாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வையுங்கள், புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழு ஆகாது.

கொத்தமல்லி குளிர்காலப் பயிர். நவம்பர் முதல் ஜனவரி வரை பத்து நாளுக்கு ஒரு பை வீதம் போடுங்கள். விதையை இரண்டாக உடைத்து, இரவு ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் நேரடியாக விதைக்க வேண்டும். பிடுங்கி நட்டால் வேர் அடிபட்டு இன்னும் சீக்கிரம் பூக்கும். வெயில் காலத்திலும் வேண்டுமென்றால் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே நெருக்கமாக விதைத்து, 30 நாளில் வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

இப்போது காலியாகும் பைகளில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, கொடிப்பசலை. இந்த வெயிலுக்கென்றே பிறந்தவை இவை.

கீரைக்கட்டு

தக்காளிக் கொத்தைக் காலையில் விரலால் தட்டிவிட்டால் காய் பிடிக்கும் என்று பார்த்திருக்கிறேன். போரான் தெளிக்கவும் சொல்கிறார்கள். முயலலாமா?

பட்டம்பார்ப்பவர்

தட்டிவிடுவது நல்ல பழக்கம், ஆனால் ஜனவரியில். தக்காளிப் பூ தன்னிலேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், காற்றில்லாத மூலையில் அந்த அசைவு உதவும். மே மாதம் மகரந்தமே உயிரில்லாமல் இருக்கும்போது தட்டி என்ன பயன்? போரான் குறையிருந்தால் மட்டுமே கொடுக்க வேண்டியது. தேவையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சின்னப் பையில் கொஞ்சம் கூடினாலும் இலை ஓரம் கருகிவிடும். வேண்டாம்.

மலைத்தோட்டம்

ஊட்டி பற்றி. 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். உங்கள் பொட்டலத்தில் பாகல், பீர்க்கு இரண்டையும் தம்பிக்கு அனுப்பவே வேண்டாம். முளைக்கும், கொடி ஒரு முழம் போகும், அப்படியே நின்றுவிடும். வெண்டையும் அதே கதிதான். கறிவேப்பிலை தொட்டியில் உயிரோடு இருக்கும், பறிக்கும் அளவுக்குத் தழைக்காது.

மல்லி விதையைத் தாராளமாகக் கொடுங்கள். நீங்கள் மூன்று மாதம் மட்டும் எடுப்பதை அங்கே பெருமழையும் உறைபனியும் தவிர்த்த மாதங்களில் எல்லாம் எடுக்கலாம்.

தக்காளிக்கு அங்கே குளிரைவிட ஈரம்தான் எதிரி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழையும் மூடுபனியும் சேர்ந்து இலை காயவே காயாது; பின்கருகல் நோய் ஒரே வாரத்தில் செடியை எரித்துவிடும். பிப்ரவரி கடைசியில் வீட்டுக்குள் நாற்று விட்டு, ஏப்ரலில் மேலே மட்டும் பாலித்தீன் கூரை போட்ட இடத்தில், பக்கங்கள் திறந்தபடி நடலாம். தரையிலிருந்து ஒரு அடி வரை இலைகளைக் கிள்ளிவிடுங்கள். தண்ணீரை வேரில் மட்டும் விடுங்கள். மழைக்கு முன்பே பூஞ்சைக்கொல்லியான 1 சதவீத போர்டோ கலவை தெளிக்க வேண்டும்: 10 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளியில்தான். பழைய கத்தியை முக்கி எடுத்தால் செம்புப் படிவு தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைக்கே தெளித்து முடித்துவிட வேண்டும். இத்தனை பாடு எதற்கு என்று தோன்றினால் தம்பியை மரத்தக்காளி வைக்கச் சொல்லுங்கள், உறைபனி நேரடியாக விழாத சுவரோரத்தில் நன்றாக வரும். ரசத்துக்கும் சட்னிக்கும் புளிப்பு போதும்.

மலைக்கே உரியவை கேரட், பீட்ரூட், பட்டாணி, முட்டைக்கோஸ், மேரக்காய் (சௌசௌ). கேரட்டுக்கு ஒரு அடி ஆழம் கல் இல்லாமல் பொலபொலப்பாக மண் வேண்டும், நேரடி விதைப்பு, முளைத்தபின் 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கலைத்துவிட வேண்டும். மக்காத சாணம் போட்டால் கிழங்கு இரண்டு, மூன்றாகக் கிளைக்கும். நீலகிரி மண் புளிப்பு மண். நடுவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே டோலமைட் சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் கோஸ் வகைகளில் வேர் தடித்து முடிச்சாகும் நோய் (கிளப் ரூட்) வரும். அது வந்த பாத்தியில் பல வருடங்களுக்குக் கோஸ், முள்ளங்கி, காலிஃபிளவர் எதையும் வைக்கக் கூடாது. மூலிகை என்றால் ரோஸ்மேரியும் தைமும் குச்சியிலேயே வேர் பிடிக்கும்.

உறைபனி நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. மேகமில்லாத, காற்றில்லாத இரவுதான் ஆபத்து. பொழுது சாயும் முன்பே சாக்கையோ காய்ந்த புல்லையோ மூடி, வெயில் ஏறியதும் எடுக்க வேண்டும். இலையைத் தொடும்படி பிளாஸ்டிக் தாள் போட்டால் தொட்ட இடமெல்லாம் கருகும். அந்த மாதங்களில் பீன்ஸ் விதைக்க வேண்டாம்.

ஸ்காபரோ வளவு

அக்காவுக்கான பதில் என்னிடம் இருக்கு. ரொறன்ரோவில் கடைசி உறைபனி மே நடுப்பகுதி வரைக்கும் வரும், முதல் உறைபனி ஒக்ரோபரில் வந்திடும். இடையில கிடைக்கிற அந்த ஐந்து மாசத்துக்குள்ள எல்லாம் முடியவேணும். அதனால பாதி வேலை வீட்டுக்குள்ளதான்.

கத்தரி, மிளகாய்: மார்ச் நடுவில் வீட்டுக்குள்ள விதையுங்கோ. முளைக்க மண் 25 முதல் 30 டிகிரி சூடாக இருக்கவேணும், சூட்டுப்பாய் இல்லாட்டி மூன்று கிழமையும் ஆகும். யன்னல் வெளிச்சம் காணாது. எல்ஈடி லைற்றை நாற்றுக்கு 10 சென்ரிமீற்றர் மேலே, நாளுக்கு 14 மணித்தியாலம். உயரத் தூக்கினால் நாற்று நூல் மாதிரி நீண்டு விழும். பாகல்: ஏப்ரல் கடைசியில், விதையின்ர கூர்முனையை நகவெட்டியால சாடையாக நறுக்கி, இரவு ஊறப்போட்டு, ஈரக் கடதாசியில் சுற்றிச் சூடான இடத்தில வையுங்கோ. வெண்டியும் அதே காலம், ஆனால் வேர் அசைஞ்சால் பிடிக்காது, மக்கிப்போகிற சாடியில போட்டு சாடியோடையே நடுங்கோ.

மே விக்ரோறியா நாள் விடுமுறையோட எல்லாரும் நடத் தொடங்குவினம். தக்காளிக்கு அது சரி. கத்தரி, பாகல், வெண்டிக்கு இரவு வெப்பம் 13க்கு மேல நிக்கிற வரைக்கும் பொறுங்கோ, பெரும்பாலும் யூன் முதல் கிழமை. முதல் நாள் நிழலில ஒரு மணித்தியாலம், பிறகு ஒவ்வொரு நாளும் கூட்டி, பத்து நாளில முழு வெயிலுக்கு. இதைத் தவறவிட்டால் இலை வெள்ளையா வெந்துபோகும்.

கொடி அவரை விதை அனுப்பாதேங்கோ. ஊர் அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். இங்க யூனில பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல. கோடை முழுக்க வேலியை மூடிக் கொடி போகும், செப்ரெம்பரில பூ வரும், காய் முத்துறதுக்குள்ள உறைபனி வந்திடும். குத்து அவரையில பகல் நீளம் பாராத இனம் இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்கோ. சின்ன வெங்காயத்துக்கும் பகல் நீளம் பிரச்சினைதான்: நீண்ட பகலில சின்னத் தாளோடையே கிழங்கு கட்டத் தொடங்கிடும். மல்லிக்கு நேர்மாறு, நீண்ட பகலில கெதியாப் பூக்கும். ஏப்ரல் கடைசியிலும் ஓகஸ்ட் நடுவிலும் போடச் சொல்லுங்கோ, இடையில வேண்டாம்.

கறிவேப்பிலை விதை பழம் கறுத்துப் பறிச்ச சூட்டோட போடவேணும், காய்ஞ்ச விதை முளைக்காது. ஊரில இருந்து அனுப்பிப் பயன் இல்லை; மண்ணோட கன்று கொண்டுவரவும் ஏலாது. மற்ற விதைகளுக்கும் கனடா உணவு ஆய்வு முகமையின்ர இறக்குமதி விதியைப் பார்த்திட்டு அனுப்புங்கோ. கோடையில இங்க தமிழ்க் கடைகளில கன்று வரும், அதை வாங்கட்டும். இரவு 10 டிகிரிக்குக் கீழ போக முதல் வீட்டுக்குள்ள எடுக்கவேணும். எடுக்க முதல் இலையின்ர அடிப்பக்கத்தைச் சவர்க்காரத் தண்ணியால வடிவாகக் கழுவுங்கோ, செதில்பூச்சியும் சிலந்திப்பூச்சியும் ஹீற்றர் சூட்டில பெருகும். உள்ள வந்த பிறகு இலை கொட்டும். பயந்து தண்ணி கூட ஊற்றுறதாலதான் இங்க பல மரம் சாகுது. வெளிச்சம் குறைஞ்சால் வேர் குடிக்கிறதும் குறையும். இரண்டு அங்குலம் மண் காய்ஞ்ச பிறகுதான் தண்ணி, பங்குனி வரைக்கும் பசளை வேண்டாம். நகத்தால பட்டையைச் சுரண்டிப் பாருங்கோ, உள்ள பச்சை இருந்தால் மரம் உயிரோட இருக்கு. ஏப்ரலில மூன்றில ஒரு பங்கு வெட்டிவிட்டு, ஒரு அளவு பெரிய சாடிக்கு மாற்றினால் காணும்.

மாடிப்பந்தல்

மூவருக்கும் மிக்க நன்றி. பிஞ்சைக் கீறிப் பார்த்தேன், புழு இல்லை. இன்றே மாலையில் மகரந்தம் சேர்க்கிறேன். இரண்டு சந்தேகம்: பையின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது, சில இலைகளின் ஓரம் காய்கிறது. உப்பா? கொடி அவரை இங்கேயும் வெறும் இலையாகவே ஓடுகிறது, பிடுங்கிவிடவா?

பட்டம்பார்ப்பவர்

உப்புதான். போர்வெல்லிலிருந்து வருவதோடு, கழுவாத கோகோபீட்டிலிருந்தும் வரும். 5 கிலோ கட்டியை 25 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, புதுத் தண்ணீரில் இன்னும் இரு முறை அலசிய பிறகே கலக்க வேண்டும். இப்போதைக்குக் குடிநீர் லாரித் தண்ணீரோ பிடித்துவைத்த மழைநீரோ கொண்டு, 20 லிட்டர் பைக்கு 40 லிட்டர் மெதுவாக ஊற்றி அடியில் வடிய விடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். சத்தும் சேர்ந்து கரைந்து போகும் என்பதால், மூன்று நாள் கழித்து பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம். தினமும் அரைகுறையாக நனைத்தால் உப்பு மேல் மண்ணிலேயே தங்கும். ஒவ்வொரு முறையும் அடித்துளையில் சொட்டு வரும் வரை விடுங்கள்.

அவரையைப் பிடுங்க வேண்டாம். ஸ்காபரோ நண்பர் சொன்ன அதே பகல் நீளக் கணக்குதான் இங்கும், ஆனால் நமக்கு உறைபனி இல்லாததால் காத்திருக்க முடியும். தழைச்சத்து உரத்தை நிறுத்திவிட்டு, ஆடியில் கொடியைப் பாதிக்கு வெட்டிப் புதுக்கிளை விடச் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும், மார்கழி தொடங்கிக் காய் பறிக்கலாம். பூங்கொத்தில் சாறு உறிஞ்சும் கறுப்பு அசுவினிப் பூச்சி ஏறும்; வேப்பெண்ணெய் 5 மில்லியோடு காதி சோப்புக் கரைசல் 2 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீரில், வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள்.