தையல் மெஷின் 'ஜாம்' ஆவதற்குத் தமிழில் என்ன சொல்?

ஈரோட்டிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். ஒரு சொல் அவசரமாகத் தேவை. எங்கள் ஊரில் பெண்களுக்கு நடத்தும் தையல் வகுப்புக்காக 24 பக்கத்தில் ஒரு கையேடு எழுதியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். வீட்டில் இருக்கும் மிதி மெஷினைத் தாங்களே பழுது பார்த்துக்கொள்வது கடைசிப் பகுதி. ஊசி உடைந்தால், தையல் விட்டுவிட்டு விழுந்தால், நூல் அறுந்தால் எல்லாம் எழுதிவிட்டேன். 'மெஷின் ஜாம் ஆனால்' என்ற இடத்தில் நிற்கிறேன்.

வகுப்பில் எல்லாரும் ஜாம் என்றுதான் சொல்கிறார்கள், எனக்கு அதில் வெறுப்பு இல்லை. ஆனால் கையேடு முழுவதும் மேல்நூல், கீழ்நூல், சக்கரம், பல், மிதி என்று தமிழில் ஓடிவந்துவிட்டுக் கடைசியில் ஜாம் என்று எழுத மனம் வரவில்லை. 'சிக்கல்' என்று போடலாமா? அப்படிப் போட்டால் 'பிரச்சினை' என்று படித்துவிடுவார்களோ என்று தயக்கம். உங்கள் யோசனை வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து:

அம்மா, நல்ல வேலை செய்கிறீர்கள். 'சிக்கல்' வேண்டாம். குடும்பச் சிக்கல், சட்டச் சிக்கல், பணச் சிக்கல் என்று எல்லாவற்றுக்கும் ஓடி அந்தச் சொல் தேய்ந்துவிட்டது.

தையலுக்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: துன்னம். புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தைச் சொல்லும்போது இளங்கோ 'துன்ன காரரும் தோலின் துன்னரும்' என்கிறார். துணி தைப்பவர் ஒருவர், தோல் தைப்பவர் ஒருவர். பொருநராற்றுப்படையில் பொருநனின் கந்தலை 'வேரொடு நனைந்து வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்' என்று முடத்தாமக்கண்ணியார் பாடுகிறார். ஈரும் பேனும் குடியிருந்த, வியர்வையில் நனைந்த, வேறு நூல் புகுத்தித் தைத்த துணி. இந்த 'வேற்றிழை நுழைந்த' என்பதைப் பாருங்கள், துணியின் சொந்த இழைக்கு நடுவே அந்நிய இழை ஒன்று போகிறது. தையல் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

இனி முக்கியமான இடம். துன்னுதல் என்றால் தைத்தல் மட்டும் இல்லை, நெருங்குதலும்தான். இரண்டு துணியை நெருக்கி வைப்பதால்தான் தைப்பதற்கே அந்தப் பெயர் வந்தது என்பது என் எண்ணம். அப்படியானால் நூல் ஓரிடத்தில் நெருங்கிக் குவிந்து நின்றுவிடுவதற்கும் அதே வேரில் சொல் எடுக்கலாமே? 'நூல்துன்னல்' என்று என் முன்மொழிவு. தையலும் அதில் இருக்கிறது, நெரிசலும் இருக்கிறது.

சென்னையிலிருந்து:

ஐயா, மேற்கோள்களுக்கு நன்றி, 'வேற்றிழை நுழைந்த' என்ற வரியை எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் துன்னல் நடக்காது. எங்கள் பக்கத்தில் 'துன்னுட்டியா' என்றால் சாப்பிட்டாயா என்று பொருள். தின்னுதல்தான் அப்படி ஆகியிருக்கிறது. 'நூல்துன்னல்' என்ற தலைப்பைப் பார்த்தால் மெஷின் நூலைத் தின்கிறது என்றுதான் படிப்பார்கள்.

கலைச்சொல் என்பது படிப்பவர் கை வேலையை நிறுத்தாமல் புரிந்துகொள்ள வேண்டியது. ஊசி துணிக்குள் மாட்டி நிற்கும்போது ஒரு பெண் அகராதியைத் தேடிப் போக மாட்டார். எனக்குக் கேட்டால் 'ஜாம்' என்றே விட்டுவிடுங்கள். பாபின், பெல்ட், ஸ்பிரிங் எல்லாம் அப்படித்தானே இருக்கின்றன?

தஞ்சாவூரிலிருந்து:

பாபினையும் அப்படி விடக் கூடாது என்பதுதான் என் கருத்து. 'பஞ்சி தன்சொல்லாப் பனுவல் இழையாக' என்று தொடங்கும் நன்னூல் வெண்பாவில் 'கதிரே மதியாக' என்று வருகிறது. நூல் நூற்று ஏறும் இடம் கதிர். பாபினிலும் நூல்தான் சுற்றி ஏறுகிறது. கதிர் என்று சொன்னால் என்ன குறை?

கோவையிலிருந்து:

ஐயா, கதிர் என்றால் இங்கே மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு நூற்கும் கதிர்தான் நினைவுக்கு வரும். அது நூலை முறுக்கும், பாபின் நூலை வைத்திருக்கும், அவ்வளவுதான். பாபினை விட்டுவிடுவோம், அக்காவுக்கு வெள்ளிக்கிழமை வரைதான் நேரம்.

என் அப்பா தையல் மெஷின் மெக்கானிக், பள்ளி நாட்களில் நானும் கூடப் போயிருக்கிறேன். ஜாம் என்று கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் மூன்று விதமாக இருக்கும். அப்பா முதலில் செய்வது ஒன்றே ஒன்று: மேல்நூலை உருவிவிடுவார், பாபினை கேஸோடு வெளியே எடுப்பார், பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் தம்மை நோக்கிச் சுற்றிப் பார்ப்பார். லேசாகச் சுற்றினால் தொல்லை நூலில். கனமாகச் சுற்றினால் எண்ணெயில். சுற்றிக்கொண்டே வந்து ஒரே இடத்தில் 'டக்' என்று நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, பெரும்பாலும் ஷட்டில் (மேல்நூலைப் பாபினைச் சுற்றிக் கொண்டுபோகும் கொக்கி) ஓடும் தடத்தில் உடைந்த ஊசி முனை. ஷட்டிலை மூடியிருக்கும் வளையத்தை விடுவித்து வெளியே எடுத்தால் அது தட்டுப்படும்.

அதனால் ஒரே சொல் தேடுவதே தவறு என்று நினைக்கிறேன். இந்த மூன்றுக்கும் அவரவர் வாயில் ஏற்கெனவே சொல் இருக்கிறது. நூல் 'சிக்கிக்கொண்டது', மெஷின் 'இறுகிவிட்டது', ஊசி 'இடிக்கிறது'. இந்த மூன்றையும் ஜாம் என்ற ஒரே மூட்டையில் கட்டியதால்தான் நூல் சிக்கிய மெஷினுக்கு எண்ணெய் விடுகிறார்கள், எண்ணெய் காய்ந்த மெஷினில் நூலைப் பிடித்து இழுக்கிறார்கள். நம் சொல்லாவது வேலையைப் பிரித்துக் காட்டட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். கோவைத் தம்பி சொல்வது எங்கள் ஊர்ப் பேச்சோடு அப்படியே பொருந்துகிறது. அம்மம்மா 'நூல் சிக்குப்பட்டுப் போச்சு' என்பா, 'மெசின் இறுகிப் போச்சு' என்பது வேறு கதை. இறுகிப் போனதற்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான், மெசின் எண்ணெய் இல்லாத காலத்தில் தேங்காயெண்ணெய் விட்டிருப்பார்கள். அது நாள்பட்டுக் கோந்து போல ஒட்டிப் பிடித்துவிடும். மண்ணெண்ணெய் விட்டு நூல் இல்லாமல் நெடுநேரம் மிதித்து, அழுக்கெல்லாம் கறுப்பாக வழிந்த பிறகு துடைத்து, மெசின் எண்ணெய் விட வேண்டும். இதையும் கையேட்டில் சேருங்கள்.

முதலாவதற்குச் சிக்கல் வேண்டாம் என்றால் 'சிக்கு' என்று வைக்கலாமே. தலைமயிரில் சிக்கு என்றால் எல்லாருக்கும் தெரியும். நூலும் அப்படித்தான் கிடக்கும்.

மதுரையிலிருந்து:

'சிக்கு'க்கு என் ஆதரவு. நூல்சிக்கு. மூன்றே அசையில் முடிகிறது.

தஞ்சாவூரிலிருந்து:

யாழ்ப்பாணத்து அம்மா சொன்னதை இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். 'சிக்கு' என்பதை நான் குறைவாக நினைத்துவிட்டேன். மணிவாசகர் 'சிக்கெனப் பிடித்தேன் எங்கெழுந் தருளுவ தினியே' என்கிறார். அங்கே சிக்கென என்றால் இறுக, விடாமல். ஆக அந்த ஒரே வேரில் பின்னலும் இருக்கிறது, இறுக்கமும் இருக்கிறது.

நாகப்பட்டினத்துக்கு அருகில் சிக்கல் என்று ஊர் இருக்கிறது, சிங்காரவேலர் கோயில் உள்ள ஊர். அங்கே வசிட்டர் வெண்ணெயால் லிங்கம் பிடித்து வழிபட்டு, பூசை முடிந்து எடுக்கப் போனபோது அது அசையவில்லை, இருந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டது, அதனால் ஊருக்குச் சிக்கல் என்று பெயர் என்பது தலபுராணம். இறைவன் பெயர் வெண்ணெய்நாதர். புராணம் எப்படியும் இருக்கட்டும், அதைச் சொன்னவர்களுக்குச் 'சிக்குதல்' என்றால் அசையாமல் நின்றுவிடுவது என்ற பொருள் தெளிவாக இருந்திருக்கிறது. பிரச்சினை என்ற பொருள் பின்னால் ஏறிய பொருள்தான். ஆகவே கேட்கிறேன், மூன்று சொல் எதற்கு? மூன்றுக்கும் 'சிக்கு' ஒன்றே போதாதா? நூற்சிக்கு, எண்ணெய்ச்சிக்கு, ஊசிச்சிக்கு. வேர் ஒன்று, அடை மூன்று.

கோவையிலிருந்து:

ஐயா, எண்ணெய்ச்சிக்கு என்றால் தலைக்கு எண்ணெய் வைக்காமல் விழுந்த சிக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். எண்ணெய் பிசுக்கு என்று வேறு ஒன்றும் இருக்கிறது, குழம்பிவிடும்.

மதுரையிலிருந்து:

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கையேட்டின் முதல் பாதியில் நூலின் டென்ஷனுக்கு, அதாவது மேல்நூல் எவ்வளவு பிடிப்போடு வர வேண்டும் என்பதற்கு, 'நூல் இறுக்கம்' என்று அக்கா போட்டிருக்கிறார் (எனக்கு அனுப்பிய பிரதியில் 9-ஆம் பக்கம்). பழுதுப் பகுதியில் 'மெஷின் இறுக்கம்' என்று வந்தால், டென்ஷன் திருகைத் தளர்த்தப் போவார்கள், எண்ணெய் விட மாட்டார்கள். ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். டென்ஷனுக்கு இயற்பியல் பாடத்தில் 'இழுவிசை' இருக்கிறது, அதைப் போடலாம்.

சென்னையிலிருந்து:

பத்தாவது தாண்டாதவர்களுக்கு இழுவிசையா? டென்ஷன் என்று சொல்லாத தையல்காரர் யாரையாவது காட்டுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் பாடநூல்களில் அதை 'இழுவை' என்போம். நூல் இழுவை என்றால் தையல் வகுப்பிலும் விளங்கும்.

ஈரோட்டிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. இன்று வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். கரும்பலகையில் சிக்கு, இறுகல், இடிப்பு என்று மூன்றையும் எழுதி, எது எது என்று கேட்டேன். சிக்கும் இடிப்பும் உடனே சொல்லிவிட்டார்கள். இறுகலுக்கு ஒருவர் 'நட்டு இறுகிவிட்டதா' என்று கேட்டார், மற்றவர்கள் சரியாகச் சொன்னார்கள். இழுவிசைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இழுவைக்கு இருவர் 'மெஷின் துணியை இழுப்பதா?' என்றார்கள், அது பல் செய்யும் வேலை, ஆகவே அதுவும் போயிற்று. எல்லாருக்கும் தெரிந்தது டென்ஷன்தான்.

கோவைத் தம்பியின் சோதனையை அந்தப் பகுதியின் தலைப்பிலேயே வைத்துவிட்டேன். அச்சுக்குப் போகும் வடிவம் இது:

"மெஷின் ஓடாமல் நின்றால் பலம் கொண்டு மிதிக்காதீர்கள். மேல்நூலை உருவுங்கள், பாபின் கேஸை எடுங்கள், பெல்ட்டைக் கழற்றுங்கள், சக்கரத்தை உங்களை நோக்கிச் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் நூல்சிக்கு. கனமாகச் சுற்றினால் இறுகல். ஓரிடத்தில் தட்டி நின்றால் இடிப்பு.

நூல்சிக்கு துணிக்கு அடியில் குவிந்திருக்கும், ஆனால் காரணம் பெரும்பாலும் மேலே. துணியை அழுத்தும் காலை (ஊசிக்குப் பக்கத்தில் உள்ள உலோகக் கால்) இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் டென்ஷன் தட்டுகளின் நடுவே நூல் இறங்காது. பிடிப்பில்லாத மேல்நூல் கீழே போய், திரும்பி மேலே ஏறாமல் குவிந்துவிடும். அந்தக் காலைத் தூக்கிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து நூலைக் கோத்துவிடுங்கள். மிதிக்கத் தொடங்கும்போது சக்கரம் பின்னால் சுற்றினாலும் சிக்கு விழும். முதல் சுற்றைக் கையால் சுற்றிவிட்டு மிதியுங்கள்."

டென்ஷனை டென்ஷன் என்றே விட்டுவிட்டேன். 9-ஆம் பக்கத்தையும் திருத்திவிட்டேன்.

மதுரையிலிருந்து:

நூல்சிக்கு, இறுகல், இடிப்பு மூன்றுக்கும் என் ஒப்புதல். இழுவிசையை இந்தப் பதிப்பில் வற்புறுத்தவில்லை.

சென்னையிலிருந்து:

எனக்கும் சம்மதம். ஜாம் என்ற சொல்லை அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு முறையாவது போடுங்கள், தேடுகிறவர் கண்ணில் படட்டும்.

தஞ்சாவூரிலிருந்து:

பெரும்பான்மைக்குத் தடையாக நிற்க மாட்டேன், அச்சுக்கு அனுப்புங்கள் அம்மா. ஆனால் மூன்று பழுதும் ஒரே வேரில் நிற்க வேண்டும் என்ற கருத்தை நான் விடவில்லை, டென்ஷனையும் ஒப்பவில்லை. அந்தத் தட்டுகள் நூலை இழுப்பதில்லை, போக விடாமல் பிடித்துப் பிடித்து விடுகின்றன. 'பிடி' என்று ஒரு சொல் நம் வீட்டிலேயே இருக்கிறதே, 'நூற்பிடி' என்று ஏன் யாரும் யோசிக்கவில்லை? அடுத்த வகுப்பில் கரும்பலகையில் அதையும் எழுதி ஒருமுறை கேட்டுச் சொல்லுங்கள்.