உங்கள் கேள்வி அவைக்குப் போயிருக்கிறதா? மின்சாரம், சிறுதொழில் பற்றி அமைச்சரிடம் கேட்க வைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கணபதி லேத்

கோவையில் கணபதி பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புசெட்டுக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுக்கும் வேலை. 2022 செப்டம்பர் 10 முதல் புது மின்கட்டண உத்தரவு அமலுக்கு வந்தது நினைவிருக்கும். கிலோவாட்டுக்கு 35 ரூபாயாக இருந்த நிலைக்கட்டணம் எங்களைப் போன்ற கொஞ்சம் பெரிய தாழ்வழுத்த இணைப்புகளுக்கு 150 ரூபாய் ஆனது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய காசு. ஆர்டர் இல்லாத மாதத்தில்தான் அதன் வலி தெரியும்.

சங்கத்தில் பேசி முடிவெடுத்து ஒரு எம்.பி.யைப் பிடித்தோம். மக்களவையில் கேள்வி கொடுத்தார். எழுத்துப் பதில் வந்தது, ஒரே பத்தி. மின்சாரம் பொதுப்பட்டியலில் இருக்கிறது, நுகர்வோர் கட்டணத்தை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது, முடிந்தது. சரி, இது மாநில விவகாரம் என்று ஒரு எம்.எல்.ஏ.விடம் போனோம். அவரும் சட்டசபையில் நன்றாகவே பேசினார். அங்கேயும் பதில் ஆணையத்தின் தலையில்தான் போய் நின்றது. ஆணையத்திடம் கேள்வி கேட்கும் உறுப்பினர் யாருங்க?

இங்கே யாராவது இப்படிக் கேள்வி அனுப்பியிருந்தால், பதில் எழுதியிருந்தால், பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் சொல்லுங்கள். கேட்டு ஏதாவது கிடைத்ததா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

டெல்லி பழைய பி.ஏ.

தமிழ்நாட்டு எம்.பி. ஒருவரிடம் உதவியாளராக இருந்தவன். உங்கள் சங்கக் கடிதம் மாதிரி வாரத்துக்கு ஒரு கட்டு வரும். அதைக் கேள்வியாக்குவது எங்கள் வேலை. 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும், வாதம் கூடாது, கிண்டல் கூடாது, அமைச்சரின் அபிப்பிராயம் கேட்கக் கூடாது. குறைந்தது 15 முழு நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல், எந்தக் கேள்வி எடுக்கப்படும் என்பது குலுக்கல். வாயால் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்வி ஒரு நாளைக்கு 20தான். எழுத்தில் மட்டும் பதில் வரும் நட்சத்திரம் இல்லாத கேள்விகள் 230 வரை போகும்.

எம்.பி.க்கள் எல்லோருக்கும் நட்சத்திரத்தின் மேல்தான் கண். டிவியில் முகம் வரும், தொகுதியில் கிளிப் ஓடும். ஆனால் அந்த 20-இல் பெரும்பாலும் ஐந்தாறுதான் ஒரு மணி நேரத்தில் முடியும். 2019 நவம்பர் 27 அன்று இருபதும் முடிந்தது. 1972-க்குப் பிறகு அதுதான் முதல் முறை என்றார்கள். அலுவலகத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே நம்ப முடியவில்லை.

எனக்கு நட்சத்திரம் இல்லாததுதான் பிடிக்கும். ஒரு உதாரணம். பெரிய கம்பெனிகள் சிறு நிறுவனங்களுக்குப் பணம் தராமல் இழுத்தடிப்பது பற்றி ஒரு மனு வந்தது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் மாநிலத்தில் இருக்கும் வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகலாம். கவுன்சில் 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மனுவில் இருந்தது ‘சிறு நிறுவனங்கள் நசுங்குவதை அரசு அறியுமா’ என்ற கேள்வி. அதைத் தூக்கிவிட்டு, மாநிலவாரியாக எத்தனை மனு, எத்தனை தீர்ந்தது, 90 நாள் தாண்டி எத்தனை கிடக்கிறது, அதில் பொதுத்துறை நிறுவனங்கள் மீதானவை எத்தனை என்று கேட்டோம். பதிலின் முதல் பக்கம் வழக்கம்போல் திட்டங்களின் பெயர்ப் பட்டியல். பின்னால் இணைப்பாக அட்டவணை. மனு கொடுத்தவர்கள் அந்த அட்டவணையை வைத்துக்கொண்டுதான் அடுத்த ஒரு வருடம் எல்லா அதிகாரிகளிடமும் பேசினார்கள். அவையில் ஒருவரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

திருப்பூர் நிட்டிங்

பி.ஏ. சார் சொல்வதெல்லாம் சரி, அட்டவணையை வைத்துக்கொண்டு கரண்ட் பில் கட்ட முடியுமா? எங்களுக்குக் கிடைத்த கொஞ்ச நஞ்ச சலுகையும் கேள்வி நேரத்தால் வந்ததல்ல. 2023 செப்டம்பரில் மாநிலம் முழுக்க சிறுதொழில்காரர்கள் ஒரு நாள் ஷட்டரை இறக்கினோம். அதன் பிறகுதான் உச்சநேரக் கட்டணம் கொஞ்சம் இறங்கியது. கேள்வி கேட்பது எதிர்க்கட்சிக்காரருக்குப் பொழுதுபோக்கு, பதில் சொல்வது ஆளுங்கட்சிக்குப் பொழுதுபோக்கு. நடுவில் ஒவ்வொரு ஜூலையும் கட்டணம் ஏறுகிறது. 2023-இல் 2.18 சதவீதம், 2024-இல் 4.83 சதவீதம்.

மாடத்து நிருபர்

திருப்பூர்க்காரரின் கோபம் நியாயம்தான். ஆனாலும் ஒரு பக்கம் விட்டுப்போகிறது.

நான் கோட்டையில் சட்டசபைச் செய்தி எழுதியவன். மறக்க முடியாதது 2012. சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு, வெளி மாவட்டங்களில் பாதி நாளுக்கு மேல் இருட்டு. மின்சாரத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறைக்கான நிதி ஒதுக்கீடு, விவாதத்துக்கு வரும் நாளில் மாடம் நிரம்பி வழியும். அதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்போதெல்லாம் மின்சாரமும் மதுவிலக்கு ஆயத்தீர்வையும் ஒரே அமைச்சரிடம். நத்தம் விஸ்வநாதன், பிறகு தங்கமணி, பிறகு செந்தில்பாலாஜி என்று ஆட்சி மாறியும் அந்த ஜோடி தொடர்ந்தது. அதனால் டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு எழுந்த உறுப்பினர் டாஸ்மாக் கடையில் போய் முடிப்பார். அமைச்சர் இரண்டில் எது வசதியோ அதற்குப் பதில் சொல்வார்.

பெரும்பாலான உறுப்பினர்கள் கேள்வி கேட்பதில்லை, பேசுகிறார்கள். ஐந்து நிமிடம் தலைவரைப் புகழ்ந்து, இரண்டு நிமிடம் தொகுதிப் பெருமை சொல்லி, கடைசியில் துணைமின் நிலையம் வேண்டும் என்பார்கள். ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வரும். மின்வெட்டு பற்றிய கேள்விக்கு எந்தக் காலத்திலும் ‘கடந்த ஆட்சியில்’ என்றுதான் பதில் தொடங்கும். அந்தக் கூச்சலில் நான் கவனித்த நல்ல கேள்விகள் சின்னவை. தென்மாநில மின்தொகுப்பு அப்போது நாட்டின் மற்ற தொகுப்புகளோடு ஒத்திசைந்து இணைக்கப்படவில்லை. வடக்கில் மின்சாரம் கிடைத்தாலும் கொண்டுவரக் கம்பி போதாது. வெளி மாநிலத்தில் வாங்க ஒப்பந்தம் போட்டதில் எவ்வளவு உண்மையில் இங்கே வந்து சேர்ந்தது என்று கேட்டால் போதும், எந்த ஆட்சி என்ற சண்டைக்கு அங்கே இடமே இல்லை. தென் தொகுப்பை மற்றவற்றோடு சேர்த்த ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்பாதை 2013 டிசம்பர் 31 அன்று இணைக்கப்பட்டது. அந்தப் பாதை பற்றி அதற்கு முன்னால் இங்கே கேட்டவர்கள் மிகக் குறைவு.

கேள்வியால் ஒன்றும் நடக்காது என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1957-இல் எல்.ஐ.சி. பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் போனதை மக்களவையில் ஃபெரோஸ் காந்தி கிளறினார். அவரும் ஆளுங்கட்சி, பிரதமரின் மருமகன் வேறு. சாக்ளா ஆணையம் விசாரித்தது, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். மறுபக்கமும் உண்டு. தங்கம், வெள்ளி வியாபாரிகள் சங்கத்துக்காகக் கேள்வி எழுப்பிக் காசு வாங்கிய விவகாரத்தில் 1951-இல் முட்கல் என்ற உறுப்பினர் பதவி இழந்தார். 2005 டிசம்பரில் இதே மாதிரி விவகாரத்தில் 11 பேர் நீக்கப்பட்டார்கள். அதனால் சங்கக்காரர்களே, மனு கொடுங்கள், கவர் கொடுக்காதீர்கள்.

யாழ் ஐஸ் ஆலை

எங்கட பக்கத்துக் கதை ஒண்டு. இலங்கையில் 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். மீனுக்கு ஐஸ் போடுகிற தொழிலுக்கு இது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. பாராளுமன்றத்தில் வாய்மூல விடைக்கான வினாக்கள் நேரத்தை நானும் பார்க்கிறனான். அமைச்சர்மார் வழுக்கிக்கொண்டு போவினம்.

ஆனால் அரச நிறுவனங்களை விசாரிக்கிற பாராளுமன்றக் குழு, கோப் குழு எண்டு சொல்லுவினம், அது வேற. அங்கே அதிகாரிகளைக் கூப்பிட்டு மேசைக்கு முன்னால் இருத்திக் கேட்பினம். 2022 ஜூன் 10, மன்னார் காற்றாலைத் திட்டம் அதானி நிறுவனத்துக்கு எப்படிப் போனது என்ற கேள்வி வந்தது. இந்தியப் பிரதமர் அழுத்தம் கொடுப்பதாக ஜனாதிபதி தன்னிடம் சொன்னார் என்று மின்சார சபைத் தலைவர் சொல்லிவிட்டார். ஜனாதிபதி மறுத்தார். தலைவரும் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று வாபஸ் வாங்கி, சில நாளில் பதவியும் விலகினார். சொன்னது உண்மையா பொய்யா என்பதை விடுங்கோ. அமைச்சரிடம் நூறு தரம் கேட்டாலும் வராத பேச்சு, அதிகாரியிடம் கேட்டபோது ஒரே நாளில் வந்தது. அந்த நிறுவனம் 2025 பெப்ரவரியில் தானாகவே திட்டத்தை விட்டு விலகியது. எனக்கு இன்னும் ஐஸ் கட்டி விலை குறையவில்லை, அது வேற கதை.

ஓய்வு பெற்ற கோப்புக்காரன்

நான் மறுபக்கத்து ஆள். அரசுத் துறை ஒன்றில் இந்தப் பதில்களை எழுதியவன், எந்தத் துறை என்று கேட்காதீர்கள். கூட்டத்தொடர் வந்தால் வீட்டுக்குப் போகும் நேரம் இருக்காது. முதலில் சொல்லித் தந்த பாடம், கேட்டதற்கு மட்டும் பதில். (அ)-வுக்கு ‘இல்லை’ என்று எழுத முடிந்தால் (ஆ), (இ) எல்லாவற்றுக்கும் ‘இவ்வினா எழவில்லை’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம். ‘தெரியுமா, ஆம் எனில் நடவடிக்கை என்ன’ என்று கேட்பவர் எங்களுக்குச் செல்லப்பிள்ளை.

அமைச்சர் வாயால் பதில் சொல்லும் நாளில் வேறு தயாரிப்பு. பதிலைக் கேட்டதும் உறுப்பினர் அங்கேயே துணைக்கேள்வியாக எதைக் கேட்கக்கூடும் என்று யோசித்துத் தடிமனாக ஒரு குறிப்பு போடுவோம். அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்து துண்டுச் சீட்டு அனுப்புவார்கள். நாங்கள் பயந்தது கோபக்காரர்களுக்கு அல்ல. முந்தைய பதிலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, போன தடவை இந்த எண்ணைச் சொன்னீர்கள், இப்போது குறைந்திருக்கிறதே என்று மெதுவாகக் கேட்பவர்களுக்குத்தான்.

இன்னொரு விஷயம் வெளியில் நிறையப் பேருக்குத் தெரியாது. மக்களவையில் ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். இழுத்தால் உறுதிமொழிக் குழு கூப்பிடும். அதனால்தான் மேலதிகாரி எங்கள் வரைவில் அந்தச் சொற்களைப் பார்த்துப் பார்த்து அடிப்பார். உங்கள் எம்.பி.க்கு அப்படிப் பதில் வந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், தேதியைக் குறித்து வையுங்கள்.

கணபதி தம்பி கேட்டதற்கு வருகிறேன். ஆணையத்தைக் காட்டித் தப்பிப்பது பாதிதான் செல்லும். 2003 மின்சாரச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 108-ஆம் பிரிவில், பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் மாநில அரசு ஆணையத்துக்கு வழிகாட்டுதல் தரலாம். அது கொள்கை விஷயமா என்பதிலும் மாநில அரசு சொல்வதே முடிவு. 65-ஆம் பிரிவில், எந்தப் பிரிவு நுகர்வோருக்கும் அரசு மானியம் தரலாம், பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம் தருவதும் அரசு பணம் கொடுத்துத்தான். ஆகவே கட்டணம் ஏன் ஏறியது என்று கேட்டால் ஆணையம் என்பார்கள். அரசு என்ன செய்தது என்று கேட்டால் அரசுதான் பதில் சொல்ல வேண்டும்.

கணபதி லேத்

ஐயா, ரொம்ப நன்றிங்க. இதை ஒருத்தரும் சொல்லவில்லை. சங்கச் செயலாளரோடு உட்கார்ந்து ஒரு வரைவு போட்டோம். பார்த்துச் சொல்லுங்கள்.

எரிசக்தித் துறை அமைச்சர் தெரிவிப்பார்களா: (அ) 2022 செப்டம்பர் உத்தரவுக்குப் பின் குறு, சிறு தொழில் இணைப்புகளின் நிலைக்கட்டணம் குறித்து 108-ஆம் பிரிவின்படி ஆணையத்துக்கு அரசு ஏதேனும் வழிகாட்டுதல் தந்ததா, (ஆ) தந்திருந்தால் நாளும் விவரமும் என்ன, (இ) நிலைக்கட்டண உயர்வால் சிறுதொழில்கள் அழிந்து வருவதை அரசு உணர்ந்துள்ளதா, (ஈ) 65-ஆம் பிரிவின்படி மானியம் வழங்க அரசு முன்வருமா?

திருப்பூர் நிட்டிங்

நல்லாத்தான் இருக்கு. பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் போடுங்க.

டெல்லி பழைய பி.ஏ.

(அ)-வுக்கு ‘இல்லை’ என்று வந்தால் (ஆ) அதோடு போகும், பரவாயில்லை. அந்த ‘இல்லை’யே உங்களுக்கு வேண்டிய பதில்.

(இ)-யை எடுத்துவிடுங்கள். அபிப்பிராயம் என்று பேரவைச் செயலகமே வெட்டலாம். தப்பி உள்ளே போனாலும் ‘இல்லை’ என்று ஒரு வரியில் மூடிவிடுவார்கள். அதற்குப் பதில் இப்படிப் போடுங்கள்: 2022 செப்டம்பருக்குப் பின் மாவட்டவாரியாக, உங்களைப் போன்ற தொழில் இணைப்புகள் வரும் மூன்று-பி கட்டணப் பிரிவில் எத்தனை இணைப்புகள் மின்சுமையைக் குறைத்துக் கேட்டன, எத்தனை இணைப்புகள் ஒப்படைக்கப்பட்டன? பட்டறை மூடினால் அந்தக் கணக்கில் தெரிந்துவிடும்.

(ஈ)-யைக் கேள்வியில் வைக்காதீர்கள். முன்கூட்டியே காட்டினால் கோப்புக்காரர் ஐயாவின் பழைய சகாக்கள் குறிப்பு போட்டுத் தயாராகிவிடுவார்கள். மானியம் தர எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டுப் பார்த்தீர்களா என்பதைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி, எம்.எல்.ஏ. அவைக்குள் போகிற காலையில் துணைக்கேள்விக்கு என்று கையில் கொடுங்கள். ஒரே வரியாக இருக்கட்டும், இரண்டு வரி இருந்தால் பேச ஆரம்பித்துவிடுவார்.