பெரிய வீடு, தங்கச்சிமடம் (23 பேர்)

திங்கள்

ரீட்டா 6.12: நேத்து ராத்திரி ஸ்டேஷன்ல வச்சு எங்க ரோஷன ரெண்டு போலீஸ் காதோட அடிச்சுட்டாக. அவன் வண்டிய இன்னும் விடல. போன மட்டும் குடுத்தாக. ரோஷனுக்கு இடது காது இன்னும் ஙொய்ங்னு இருக்காம்

பிராங்க்ளின் 6.14: எந்த ஸ்டேஷன் மதினி

ரைட்டர் 6.15: ஸ்டேஷன் பேரு, ஆள் பேரு எதையும் இங்க போடாதீக. 23 பேர் இருக்கோம், எவன் எங்க அனுப்புவான்னு தெரியாது.

பிராங்க்ளின் 6.15: போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் வேலையில இருந்து ரிட்டயர்டு ஆனாலும் டிபார்ட்மெண்ட் பாசம் போகல

ஸ்டெல்லா 6.16: டேய் காலங்காத்தால ஆரம்பிக்காத

ரைட்டர் 6.24: முழுசா படிங்க. முதல் வேலை எஸ்.பி.க்கு மனு குடுக்குறது இல்ல, ஆஸ்பத்திரி. வெறும் ஓ.பி. சீட்டோட திரும்பக் கூடாது. அடிபட்டதுன்னு சொல்லி ஏ.ஆர். போடச் சொல்லணும். எங்க, எத்தனை மணிக்கு, யாருன்னு கேப்பாக. பேரு தெரியலைன்னா யூனிஃபார்ம்ல ரெண்டு போலீஸ்னு சொன்னாப் போதும். உள்ளங்கையால காதுல விட்டா செவிப்பறை கிழிஞ்சிருக்கலாம், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. காது டாக்டர் உள்ள பாத்து எழுதணும். கன்ன வீக்கம் ரெண்டு நாள்ல வத்திரும், அப்புறம் காட்ட என்ன இருக்கு.

ஜெனி 6.26: அப்பா ஏ.ஆர்.னா ஆயுதப்படை இல்லயா

ரைட்டர் 6.26: அது வேற. இது ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்.

பிராங்க்ளின் 6.27: அடி வாங்குனவனுக்கும் ஏ.ஆர். அடிச்சவனுக்கும் ஏ.ஆர். நல்ல டிபார்ட்மெண்ட்

ஜெனி 6.27: மாமா முடியல

ரைட்டர் 6.38: கிண்டல்தான், ஆனா விஷயமே அதுல இருக்கு. ஆயுதப்படைக்கு மாத்துறது தண்டனை இல்ல. விசாரணை முடியுற வரைக்கும் போடுற சஸ்பென்ஷனும் தண்டனை இல்ல, பிழைப்பூதியம் வந்துக்கிட்டே இருக்கும். குற்றச்சாட்டு மெமோ குடுத்து, தண்டனைப் பதிவேட்டுல (பி.ஆர்.) நம்பர் விழுந்தாத்தான் ஃபைல். போலீஸ் ஒழுங்கு நடவடிக்கைக்கான 1955 விதியில 3(ஏ), 3(பி)ன்னு ரெண்டு இருக்கு. ஏ-ன்னா எழுத்துல விளக்கம் வாங்கி, கண்டனமோ இன்கிரிமென்ட் நிறுத்தமோ போட்டு முடிச்சிருவாக. பி-ன்னா விசாரணை அதிகாரி உக்காந்து சாட்சியக் கூப்பிடுவாரு, எதிராளி குறுக்குக் கேள்வி கேப்பான். பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, டிஸ்மிஸ் எல்லாம் பி வழியாத்தான். அங்க நம்ம சாட்சி போகலைன்னா நிரூபணம் ஆகலைன்னு எழுதி மூடிருவாக. ஓட்டை விழுறது அங்கதான்.

பிராங்க்ளின் 6.39: ஒரு தாள் கேட்டா ஒரு ரீம் குடுக்குறாக

ஸ்டெல்லா 6.41: ரீட்டா சர்ச் புதுநன்மை விழாவுக்கு கேக் எத்தன கிலோ சொல்லிருக்க? கடைக்காரர் கேக்குறாரு

அந்தோணி 6.44: (இந்த மெசேஜ் நீக்கப்பட்டது)

ஸ்டெல்லா 6.44: என்னத்த அழிச்ச அந்தோணி

அந்தோணி 6.45: ஒண்ணுமில்லக்கா

ரீட்டா 6.47: நான் சொல்றேன். ஸ்டேஷன்ல 5000 கேட்டாக. ரோஷன் அப்பா நேத்து ராத்திரியே 2000 போட்டுட்டாக. டீக்கடைக்காரர் நம்பருக்கு ஜி.பே.

பிராங்க்ளின் 6.47: அடப்பாவி

ரைட்டர் 6.55: ஸ்க்ரீன்ஷாட்ட இங்க போடாத மச்சான், போன்லயும் அழிக்காத. அதுல உள்ள பரிவர்த்தனை நம்பர்தான் உயிர். கட்டாயத்துல குடுத்தவன் 7 நாளுக்குள்ள சொல்லிட்டா அவன் மேல குத்தம் இல்ல, ஊழல் தடுப்புச் சட்டத்தோட 2018 திருத்தத்துல வந்தது. வாற ஞாயிறு தாண்டக் கூடாது. மிச்சம் 3000 குடுக்காத. ரொக்கமா கேட்டா, குடுக்குறதுக்கு முன்னாடியே லஞ்ச ஒழிப்புல சொல்லணும். நோட்டு நம்பர எழுதிக்கிட்டு பினாப்தலின் பவுடர் தடவித் தருவாக. வாங்குன கைய சோடியம் கார்பனேட் தண்ணியில முக்குனா ரோஸ் கலராகும். ஜி.பே.க்கு பவுடர் தடவ முடியாதுன்னுதான் டீக்கடை நம்பர்.

ரீட்டா 6.58: அண்ணே எனக்கு இதெல்லாம் வேணாம்னு தோணுது. ரோஷனுக்கு பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன் பாக்கி இருக்கு. 2025ல மடப்புரத்துல எஃப்.ஐ.ஆர். இல்லாமலே கூட்டிட்டுப் போய் ஒரு உயிரே போச்சுல்ல

ரைட்டர் 7.04: பயம் நியாயந்தான். ஆனா நாம மனு குடுக்குறது ரோஷன் மேல கேஸ் ஆகாது. வெரிஃபிகேஷன்ல பாக்குறது அவன் மேல உள்ள கேஸ. இப்ப அவன் மேல கேஸே இல்ல. கேஸ் இல்லாம வண்டி எதுக்கு நிக்குது? பிடிச்சா ரசீதோ பறிமுதல் மகஜரோ இருக்கணும்ல. அதையே மனுல கேள்.

ஜெனி 7.06: சி.சி.டி.வி.?

ரைட்டர் 7.17: அதான் வாறேன். 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு: வாசல், லாக்கப், வராண்டா, எஸ்.ஐ. ரூம் எல்லாத்துலயும் கேமரா, சத்தமும் பதிவாகணும், ஒரு வருஷத்துக்குக் குறையாம வைக்கணும். தாள்ல அப்படி. அதே வருஷம் சாத்தான்குளத்துல தினமும் தானா அழியுற மாதிரி செட்டிங் இருந்தத மாஜிஸ்திரேட் நேர்ல போய்ப் பாத்து எழுதுனாரு. அதனால "தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்"னு மொட்டையா முடிக்காத. ஞாயிறு ராத்திரி 9.40ல இருந்து 12.15 வரைக்கும் உள்ள பதிவ எடுத்து வைக்கணும்னு மணியோட எழுது. அன்னைக்கு ஸ்டேஷன் தினக் குறிப்பேட்டுல (ஜி.டி.) ரோஷன் பேரு இருக்கான்னு கேள். வேற சப்டிவிஷன் அதிகாரி விசாரிக்கணும்னு தனியா ஒரு வரி போடு. அந்த வரி இல்லைன்னா எஸ்.பி. ஆபீஸ்ல இருந்து டி.எஸ்.பி., அங்க இருந்து அதே இன்ஸ்பெக்டர் மேசைக்கே மனு வந்து நிக்கும். நகல் ராமநாதபுரம் சரக டி.ஐ.ஜி.க்கு. நேர்ல குடுத்தாலும் ஸ்பீட் போஸ்ட்லயும் ஒண்ணு போடு.

பிராங்க்ளின் 7.19: கேஸ் போட மாட்டாகளா மச்சான், வெறும் மெமோதானா

ரைட்டர் 7.25: ரெண்டும் தனித்தனி ஃபைல். அடிச்சதுக்கு ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர். மறுத்தா புது குற்ற நடைமுறைச் சட்டம் (பி.என்.எஸ்.எஸ்.) 173(4)ல எஸ்.பி.க்கு எழுதுறது. அங்கயும் நகரலைன்னா பிரமாணப் பத்திரத்தோட மாஜிஸ்திரேட் கோர்ட், 175(3). மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள்ள எழுதணும். இன்னொண்ணு, விசாரணைக்குக் கூப்பிட்டு வாக்குமூலம் எழுதுனா கடைசி வரியப் பாக்காம கையெழுத்துப் போடாத. "மேல் நடவடிக்கை தேவையில்லை"ன்னு அங்கதான் சொருகுவாக.

ஸ்டெல்லா 7.27: சரி யாரு போறது? புதன்தான எஸ்.பி. ஆபீஸ்ல மனு நாள்

அந்தோணி 7.28: புதன் கடல்

பிராங்க்ளின் 7.28: எனக்கும் கடல்தான். ஓனர்ட்ட முன்பணம் வாங்கிட்டேன்

ஸ்டெல்லா 7.29: அப்ப எங்க வீட்டு ரைட்டரே போவாக

பிராங்க்ளின் 7.30: அப்பா அடக்கத்துக்கே டூட்டின்னு மூணு மணிக்குத்தான் வந்தாக

ஸ்டெல்லா 7.30: டேய்

ரைட்டர் 7.33: நான் கூட வாறேன். ஆனா மனுல என் பேரு வரக் கூடாது. பழைய ரைட்டர் தூண்டி விட்டாருன்னு ஒரு வரி போட்டுத் திருப்பிருவாக.

ரோஷன் 7.41: மாமா ராத்திரியே ஜி.ஹெச். போய் ஏ.ஆர். போட்டாச்சு. அதுல பைக்ல இருந்து கீழே விழுந்ததாகன்னு இருக்கு

ஜெனி 7.41: ஐயோ

அந்தோணி 7.42: நான்தான் பயத்துல அப்படிச் சொல்லிட்டேன் மச்சான்

ரைட்டர் 7.48: அந்தச் சீட்டக் கிழிக்காத. இன்னைக்கே ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் நடந்தத நடந்தபடி சொல்லிப் புதுசாப் போடுங்க. முதல் சீட்டுல ஏன் அப்படி வந்துச்சுன்னு மனுல நாமளே முதல் பாராவுல எழுதிருவோம். அவுக எடுத்துக் காட்டுனா பொய்யாயிரும், நாம சொன்னா பயம்னு புரியும். ஏ.ஆர். எந்நேரமும் போடுவாக, காது டாக்டர் காலையிலதான் இருப்பாரு. கெளம்புங்க.

பிராங்க்ளின் 7.49: எதுல போறீக

ரோஷன் 7.49: வண்டிதான் அங்க நிக்குதே சித்தப்பா

பிராங்க்ளின் 7.50: என் வண்டிய எடுத்துக்க. ஆர்.சி. சீட்டுக்கு அடியில. ஹெல்மெட் போடு

ரீட்டா 7.52: மதினி கேக் 5 கிலோ. புதன் யாருன்னு ராத்திரி பேசிக்குவோம்