கியூவில் ஓடர் விழுகிறது, சேர்விஸால் எடுக்க முடியவில்லை

கேள்வி: கொட்டாஞ்சேனை_கோடர்

வணக்கம். புறக்கோட்டையில் ஒரு மொத்த மருந்துக் கடைக்கு ஓடர் சிஸ்டம் எழுதுகிறேன். சி ஷார்ப், எம்எஸ்எம்கியூ (மெசேஜ்களைக் கியூவில், அதாவது வரிசையில், வைத்திருக்கும் விண்டோஸ் வசதி). கிளைகள் வெப்சைட்டில் போடும் ஓடர் பிரைவேட் கியூவில் விழும். ஒரு விண்டோஸ் சேர்விஸ் அதை எடுத்து பில் போட வேண்டும். என் லேப்டொப்பில் ஒழுங்காக ஓடியது. கடை சேர்வரில் அனுப்புவது நடக்கிறது, எடுக்கப் போனால் 'அக்சஸ் டினைட்'. கியூவை உருவாக்கியது இன்ஸ்டோலர்; அதை அட்மினாக நான்தான் ஓட்டினேன். சேர்விஸ் ஓடுவது வேறு அக்கவுண்டில். காலையிலிருந்து 43 ஓடர் உள்ளே நிற்கிறது, தெஹிவளைக் கிளையின் இன்சுலினும் அதில்தான். வான் 2 மணிக்குப் புறப்படும். கியூவை அழித்துத் திரும்ப உருவாக்க மனம் வரவில்லை. கோடில் பெர்மிஷன் எங்கே வைப்பது?

பதில்: ராம்_டெவ்

எவ்ரிவனுக்கு ஃபுல்கன்ட்ரோல் கொடுங்கள். ஒரே வரி, சரியாகிவிடும்.

பதில்: வெள்ளவத்தை_அண்ணா

அது வேண்டாம் தம்பி. அப்படிக் கொடுத்தால் அந்தச் சேர்வரில் லொகின் ஆகிற யாரும் கியூவைக் காலி செய்யலாம். மருந்து ஓடர் அல்லவா.

கியூவை உருவாக்கியவருக்கு முழு உரிமை. மற்ற எல்லாருக்கும் இயல்பாகக் கிடைப்பது எழுதும் உரிமை, எடுக்கும் உரிமை இல்லை. லேப்டொப்பில் எல்லாமே உங்கள் ஒரே அக்கவுண்டில் ஓடியதால் இது தெரிய வரவில்லை.

இன்ஸ்டோலரில் மெசேஜ்கியூ.கிரியேட் வரிக்கு அடுத்த வரியிலேயே செட்பெர்மிஷன்ஸை அழையுங்கள்: முதலில் சேர்விஸ் அக்கவுண்டின் பெயர், பிறகு மெசேஜ்கியூஅக்சஸ்ரைட்ஸ்.ரிசீவ்மெசேஜ். பீக் (மெசேஜை எடுக்காமல் பார்க்க மட்டும் விடும் உரிமை) தனியாகத் தேவையில்லை. ரிசீவ்மெசேஜின் மதிப்பு 3. அழிக்கும் உரிமை 1, பீக் 2, இரண்டும் அதற்குள் அடக்கம். இந்த வரியைச் சேர்விஸுக்குள் வைத்தால் ஓடாது, பெர்மிஷனை மாற்றும் உரிமை அதற்கு இல்லையே.

இப்போது இருக்கிற கியூவுக்கு அதே வரியைச் சின்ன கன்சோல் புரோகிராமில் போட்டு, அந்தச் சேர்வரிலேயே, உருவாக்கிய அக்கவுண்டிலேயே ஒருமுறை ஓட்டுங்கள். உள்ளே நிற்கிற ஓடர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதற்கு முன் சேர்வரை ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள்! ரிக்கவரபிள் (மெசேஜை டிஸ்கில் எழுதி வைக்கச் சொல்லும் செட்டிங்) வைக்காமல் அனுப்பிய மெசேஜ் ரீஸ்டார்ட்டில் போய்விடும்.

பதில்: கொட்டாஞ்சேனை_கோடர்

அண்ணா, பெரிய நன்றி. ரீஸ்டார்ட் செய்யத்தான் மவுஸைக் கொண்டுபோயிருந்தேன். நான் ரிக்கவரபிள் வைக்கவே இல்லை. கன்சோலை ஓட்டிச் சேர்விஸைத் தொடங்கியதும் பில் பிரிண்டர் இரையத் தொடங்கியது. 43-உம் வந்துவிட்டது, எண்ணிப் பார்த்தேன். ஐஸ் பெட்டியோடு இன்சுலின் வானில் ஏறிவிட்டது. இன்றிரவே ரிக்கவரபிளை ட்ரூ ஆக்கி, இன்ஸ்டோலரிலும் அந்த வரியைச் சேர்க்கிறேன்.