ஐப்பசியில ஞானஸ்நானம், தையில அடக்கம்

குரூப்: சின்னாளப்பட்டி வீடு

சனிக்கிழமை

சித்தி: காலை வணக்கம் 🌺 எல்லாரும் சாப்பிட்டாச்சா

எக்ஸிட்டர் அக்கா: இங்க இன்னும் விடியவே இல்ல சித்தி. பெரியப்பா இருக்காரா? ஒரு ஆபீஸ் சந்தேகம்

பெரியப்பா: சொல்லும்மா. பத்திர ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆகி பதினோரு வருஷம் ஆச்சு. இன்னும் ஆபீஸ்னு யாராவது சொன்னா கை தன்னால மூக்குக் கண்ணாடியைத் தேடுது

எக்ஸிட்டர் அக்கா: என் மாமியாருக்கு அடுத்த மாசம் எண்பது வயசு. அவங்க அப்பா வழி வம்சாவளியை எழுதி சட்டம் போட்டுக் குடுக்கணும்னு இவருக்கு ஆசை. 1837 ஜூலையில இருந்து இங்க இங்கிலாந்துல அரசாங்கமே பிறப்பு, கல்யாணம், இறப்பு பதிய ஆரம்பிச்சிருச்சு, அதுவரைக்கும் சுலபமாப் போயாச்சு. அதுக்கு முன்னாடி எல்லாமே சர்ச் ரெஜிஸ்டர்தான். அங்க போய் வில்லியம்னு ஒருத்தர்கிட்ட மாட்டிக்கிட்டேன்

தம்பி: இளவரசர் வில்லியமா 😄

எக்ஸிட்டர் அக்கா: டேய். இங்க டெவன் ஜில்லா கிராமத்து வில்லியம்டா. 1764ல கல்யாணம் ஆனவர். குடும்பப் பேரை குரூப்ல போடாதன்னு இவர் சொல்லிட்டார், அதனால வெறும் வில்லியம்

எக்ஸிட்டர் அக்கா: விஷயம் என்னன்னா, மாமியாரோட சொந்தக்காரர் ஒருத்தர் ஏற்கெனவே ஒரு வம்சாவளி போட்டு வச்சிருக்கார். அதுல இந்த வில்லியம், ஜான்ங்கறவரோட மகன். ஜானுக்கு ஊர்ல பெரிய பண்ணை வீடு. வில்லியமுக்கு 1738 அக்டோபர்ல ஞானஸ்நானம். மாமியாருக்கு அந்தப் பண்ணை வீட்டு மேல ஒரே பெருமை, காரை நிறுத்தி போட்டோ எல்லாம் எடுத்தாச்சு

பெரியப்பா: அப்புறம் என்ன சந்தேகம்?

எக்ஸிட்டர் அக்கா: அதே ரெஜிஸ்டர்ல அடக்கப் பக்கத்தில "ஜான் மகன் வில்லியம்"னு ஒரு வரி இருக்கு. தேதி 1738 ஜனவரி 20. அக்டோபர்ல பிறந்த பிள்ளையை அந்த வருஷ ஜனவரியில எப்படிப் புதைப்பாங்க, அது வேற குழந்தைன்னு அந்த சொந்தக்காரர் விட்டுட்டார். எனக்கு மனசு ஒப்பல

பெரியப்பா: அடக்கத்துக்கு வயசு போட்டிருப்பாங்களே

எக்ஸிட்டர் அக்கா: போடல. ஒரு ஊர்ல ஒரு மாதிரி எழுதுவாங்க. 1813ல இருந்துதான் அச்சடிச்ச கட்டம் போட்ட புத்தகம் வந்து வயசுக்கு ஒரு கட்டம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி பாதிரியார் கை போன போக்கு

பெரியப்பா: இரு. சாப்பிட்டுப் படுத்து எந்திரிச்சு யோசிக்கிறேன்

சித்தப்பா (சென்னை): இங்க இந்த மாதிரி புத்தகம் கோட்டையில இருக்குற செயின்ட் மேரி சர்ச்சுல கேள்விப்பட்டிருக்கேன். 1680ல அங்க பதிவான முதல் கல்யாணமே எலிஹு யேல்ங்கறவரோடது, பின்னாடி மதராஸ் கவர்னரா ஆனார். அமெரிக்காவுல காலேஜ் பேர் இவர் பேர்தான். கிளைவ் கல்யாணமும் அந்த சர்ச்சுலதான்

தம்பி: அப்ப மச்சான் கேப்டன் குக் பரம்பரையா இருக்கலாமே, டெவன்னா கப்பல்காரங்க ஊருதானே

எக்ஸிட்டர் அக்கா: வாய்ப்பே இல்ல. அவர் யார்க்‌ஷயர்க்காரர், 1728 ஞானஸ்நான ரெஜிஸ்டர்ல அப்பா தொழில் தினக்கூலின்னு இருக்கு. ஆறு பிள்ளைங்க பிறந்தும் ஒருத்தருக்கும் வாரிசு இல்ல. குக்கோட நேரடி வம்சம்னு எவனாவது சொன்னா அங்கயே எந்திரிச்சு வந்துரு

மாலை 5.40

பெரியப்பா: பாப்பா. நம்ம பஞ்சாங்கத்தில ஒரே வருஷத்துக்குள்ள ஐப்பசி முன்னாடி வருதா, தை முன்னாடி வருதா?

எக்ஸிட்டர் அக்கா: ஐப்பசி

பெரியப்பா: ஏன்?

எக்ஸிட்டர் அக்கா: சித்திரையில வருஷம் பிறக்குது, அதனால

எக்ஸிட்டர் அக்கா: ஐயோ

எக்ஸிட்டர் அக்கா: ஐயோ பெரியப்பா

நான்: யாராவது விளக்கிச் சொல்லுங்க, பஸ்ல நிக்கிறேன்

எக்ஸிட்டர் அக்கா: இங்கிலாந்துல 1751 வரைக்கும் வருஷம் மார்ச் 25லதான் பிறந்துச்சு. 1752ல இருந்துதான் ஜனவரி 1. அந்த வருஷம்தான் செப்டம்பர் 2க்கு அடுத்த நாளை 14ன்னு வச்சு பதினோரு நாளைக் கழிச்சாங்க. எனக்கு இது தெரியும்! எல்லா வழிகாட்டியிலயும் முதல் பக்கத்தில போட்டிருக்கும். தெரிஞ்சும் கண்ணுல படல. 1738 அக்டோபருக்கு அப்புறம்தான் 1738 ஜனவரி. நம்ம கணக்குல அது 1739

பெரியப்பா: மூணு மாசக் குழந்தையா இறந்திருக்கு அந்த வில்லியம். 1764ல கல்யாணம் பண்ண ஆள் கிடையாது

சித்தி: அய்யோ பாவம் 😢

தம்பி: பெரியப்பா மாஸ்

பெரியப்பா: மாஸ் எல்லாம் இருக்கட்டும். நான் ஊகம்தான் சொன்னேன். எழுதினவர் பழைய கணக்குல எழுதினார்ங்கறதுக்கு ஆதாரம் வேணும். டூப்ளிகேட் புத்தகம் இருக்குமா அங்க?

எக்ஸிட்டர் அக்கா: இருக்கு. 1598ல இருந்து ஒவ்வொரு ஊர்ச் சர்ச்சும் வருஷா வருஷம் ஒரு நகல் எடுத்து பிஷப்புக்கு அனுப்பணும். தேடிப் பாக்குறேன்

ஞாயிற்றுக்கிழமை

எக்ஸிட்டர் அக்கா: (படம்)

எக்ஸிட்டர் அக்கா: பிஷப் நகல் கிடைச்சது. தாளோட தலைப்பைப் பாருங்க: 1738 மார்ச் 25ல இருந்து 1739 மார்ச் 25 வரை. அக்டோபர் ஞானஸ்நானமும் ஜனவரி அடக்கமும் ஒரே தாள்ல

பெரியப்பா: முடிஞ்சது. அந்தப் பத்திரம் ரத்து

எக்ஸிட்டர் அக்கா: இன்னொண்ணு, அடக்க வரியில அப்பா பேரை Jnoன்னு சுருக்கி எழுதிருக்காங்க. அந்த சொந்தக்காரர் அதை ஜோனத்தன்னு படிச்சிருக்கார். அது ஜானுக்கு அந்தக் காலத்துச் சுருக்கம்

சித்தி: சரி தங்கம், அப்ப உங்க வில்லியம் யாரு?

எக்ஸிட்டர் அக்கா: அதே ஊர்ல இன்னொரு வில்லியம் இருக்கார் சித்தி. தாமஸ் மகன். 1736/7 பிப்ரவரி, அந்தப் பக்கத்தில பாதிரியார் தெளிவா ரெண்டு வருஷத்தையும் போட்டிருக்கார். வேற வில்லியம் யாரும் இல்ல, அதனால இவர்தான்

பெரியப்பா: அதனால இவர்தான்னு சொல்லாத. அந்த சொந்தக்காரரும் இப்படித்தான் ஆரம்பிச்சிருப்பார். பக்கத்து ஊர்ல இருந்து ஒரு வில்லியம் வந்து இங்க கட்டிருந்தா?

பெரியப்பா: நான் முப்பத்தி நாலு வருஷம் பத்திரம் பதிஞ்சவன். பேர் பொருந்துறது பெரிய விஷயமே இல்ல. ஒரே பேர்ல ஒரே தெருவுல மூணு பேர் வந்து உக்காருவான். நான்கெல்லை பொருந்தணும். கிழக்க யாரு, மேற்க யாரு, வடக்க யாரு, தெக்க யாரு. மனுஷனுக்கும் அப்படித்தான். அப்பா யாரு, கூடப் பிறந்தவன் யாரு, தொழில் என்ன, கல்யாணத்துக்கு எவன் சாட்சி. நாலும் சொல்லு, நான் கையெழுத்துப் போடுறேன்

எக்ஸிட்டர் அக்கா: கல்யாணப் பதிவு நல்லா இருக்கு பெரியப்பா. 1754 மார்ச் 25ல இருந்து புதுச் சட்டம், மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரும் கையெழுத்து, ரெண்டு சாட்சியும் வேணும். அதுக்கு முன்னாடி லண்டன்ல ஃப்ளீட் ஜெயிலைச் சுத்தி எல்லாம் திருட்டுக் கல்யாணம் நடத்தி வச்சிருக்காங்க, அதை நிறுத்தத்தான் சட்டம். நம்ம வில்லியம் கையெழுத்துப் போட்டிருக்கார், பொண்ணு பெருக்கல் குறி

பெரியப்பா: கைநாட்டு மாதிரி. சாட்சி?

எக்ஸிட்டர் அக்கா: ராபர்ட்னு ஒருத்தர், ஜேம்ஸ்னு ஒருத்தர்

பெரியப்பா: அந்தப் பக்கத்தில மத்த கல்யாணங்களுக்கும் யார் சாட்சின்னு பாரு

எக்ஸிட்டர் அக்கா: ஒரு நிமிஷம்

எக்ஸிட்டர் அக்கா: ஜேம்ஸ் எல்லாத்துலயும் இருக்கார் 😳

பெரியப்பா: இருப்பான். எங்க ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியிலயும் ரெண்டு ஜேம்ஸ் இருந்தாங்க. டீ வாங்கிக் குடுத்தா யாருக்கும் சாட்சி. அவனை விட்டுரு

எக்ஸிட்டர் அக்கா: சர்ச் கிளார்க்காத்தான் இருக்கணும். அப்ப ராபர்ட் மட்டும் மிச்சம், அவர் யாருன்னு தெரியல

பெரியப்பா: தாமஸ் உயில் எழுதி வச்சிருக்கானா பாரு. உயில்ல பிள்ளைங்க பேர் வரிசையா வந்துரும்

எக்ஸிட்டர் அக்கா: அதுதான் பெரிய சோகம். அந்தக் காலத்தில உயிலை நிரூபிக்கிறது எல்லாம் சர்ச் கோர்ட்டுதான், 1858 ஜனவரி வரைக்கும். டெவன் உயில் எல்லாம் எக்ஸிட்டர்ல சேத்து வச்சிருந்தாங்க. 1942 மே மாசம் ஜெர்மன்காரன் குண்டு போட்டதுல அப்படியே எரிஞ்சு போச்சு. நான் தினம் வேலைக்குப் போற வழியிலதான் அந்த இடமெல்லாம்

பெரியப்பா: மொத்தமாவா?

எக்ஸிட்டர் அக்கா: அங்க இருந்தது போச்சு. போருக்கு முன்னாடி ஆலிவ் மோகர்னு ஒரு அம்மா உக்காந்து கையால குறிப்பு எடுத்து வச்ச உயில்கள் மிச்சம் இருக்கு. அதுல தாமஸ் இல்ல

பெரியப்பா: பதிவேடு எரிஞ்ச ஆபீஸ்ல வேலை பாத்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். சரி, மேல்கோர்ட் எதுவும் கிடையாதா? ரெண்டு ஜில்லாவுல சொத்து இருந்தா எங்க போவான்?

எக்ஸிட்டர் அக்கா: கேன்டர்பரி பேராயர் கோர்ட்டு! ரெண்டு மறைமாவட்டத்தில சொத்து இருந்தா அங்கதான். அந்த உயில் எல்லாம் லண்டன்ல கியூங்கற இடத்தில தேசிய ஆவணக் காப்பகத்தில பத்திரமா இருக்கு, வீட்டுல இருந்தே இறக்கலாம். ஆனா தாமஸ் மாதிரி ஆளு அங்க போயிருக்க மாட்டார்

சித்தப்பா (சென்னை): குடும்பத்தில வேற யாராவது கப்பல்ல போயிருந்தா? தம்பி சொன்ன மாதிரி, கப்பல்காரங்க ஊருதானே

எக்ஸிட்டர் அக்கா: சித்தப்பா 🙏 கடற்படையில வெளிநாட்டுல செத்தவங்க உயில் அங்கதான் வரும். இதை நான் யோசிக்கவே இல்ல

செவ்வாய்க்கிழமை

எக்ஸிட்டர் அக்கா: (படம்) (படம்)

எக்ஸிட்டர் அக்கா: கிடைச்சிருச்சு!!! குடும்பப் பேரைப் போட்டு 1755ல இருந்து 1765 வரைக்கும் தேடினேன். ஹென்றின்னு ஒரு மாலுமி. 1762ல உயில் நிரூபணம்

தம்பி: படிக்கவே முடியலக்கா. ஃபன் ஆஃப் தாமஸ்னு என்னமோ இருக்கு

எக்ஸிட்டர் அக்கா: அது ஃப் இல்லடா, ஸ். அந்தக் காலத்தில ஸ்க்கு வால் நீட்டி எழுதுவாங்க. சன் ஆஃப் தாமஸ். இது கோர்ட்டு கிளார்க் பெரிய புத்தகத்தில எடுத்த நகல், அதனால எழுத்து இவ்ளோ அழகு

பெரியப்பா: தமிழ்ல சாரத்தைச் சொல்லும்மா. லத்தீன் கலந்திருக்கா?

எக்ஸிட்டர் அக்கா: இல்ல, 1733லயே கோர்ட்டு வேலையில லத்தீனை எடுத்துட்டாங்க. சாரம் இதுதான்: பாக்கிச் சம்பளம், எதிரிக் கப்பலைப் பிடிச்சு வித்த பணத்தில தன் பங்கு, எல்லாம் "என் அண்ணன் வில்லியம், இந்த ஊர், கார்ட்வைனர்" அவருக்கு. அவரே நிறைவேற்றுநர். "என் தம்பி ராபர்ட்"டுக்கு ஒரு சட்டைப்பை கடிகாரம். "என் சித்தப்பா ஜான்" அவருக்கு ஒரு ஷில்லிங்

பெரியப்பா: அண்ணன், தம்பின்னு அவன் எழுதினானா நீ போட்டியா?

எக்ஸிட்டர் அக்கா: நான் போட்டது 🙈 அவர் எழுதினது பிரதர், அங்கிள். ஞானஸ்நானத் தேதி பாத்து வில்லியம் மூத்தவர், ராபர்ட் இளையவர். ஜான் பெரியப்பாவா சித்தப்பாவா தெரியாது

பெரியப்பா: பெரியப்பாவா இருந்தா ஒரு ஷில்லிங்கோட விட்டிருக்க மாட்டான்

சித்தி: 😂😂

சித்தி: ஒரு ஷில்லிங்னா கோபமா? சண்டையா இருக்குமோ

பெரியப்பா: கோபம்னு சொல்ல முடியாதும்மா. என்னை மறந்துட்டான், புத்தி தடுமாறி எழுதிட்டான்னு பின்னால எவனும் வழக்குப் போடக் கூடாது. பேரை எழுதி ஒரு காசு வச்சுட்டா மறக்கலைன்னு ஆச்சு. பல பேர் ஏற்கெனவே பங்கு வாங்கினவனுக்கும் இப்படித்தான் எழுதுவான்

சித்தப்பா (சென்னை): கார்ட்வைனர்னா என்ன?

எக்ஸிட்டர் அக்கா: செருப்பு, பூட்ஸ் தைக்கிறவர். புதுத் தோல்ல புதுசா செய்றவர்

சித்தப்பா (சென்னை): 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: சித்தப்பா, நான் படிச்சிட்டேன்

எக்ஸிட்டர் அக்கா: நானும். மாமியார்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். பண்ணை வீடு போச்சேன்னு வருத்தப்படுவாங்கன்னு நெனச்சேன். அவங்க தாத்தா வச்சிருந்த ஒரு குத்தூசியை மேல இருந்து எடுத்துட்டு வந்து, இது எதுக்குன்னு இத்தனை நாள் தெரியலன்னு சொல்லி மேஜை மேல வச்சாங்க. அது அந்த வில்லியமோடதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கையில எடுத்து வச்சுக்கிட்டே இருந்தாங்க

சித்தி: சம்பந்தியம்மா நல்ல மனுஷி

சித்தப்பா (சென்னை): சரி சரி. தப்புதான்

பெரியப்பா: வேலைக்கு வருவோம். கிழக்க அப்பா தாமஸ். மேற்க தம்பி ராபர்ட், அவனே கல்யாணத்துக்கு சாட்சி. வடக்க சித்தப்பா ஜான். தெக்க தொழில். கல்யாணப் பதிவுல தொழில் போட்டிருக்கா?

எக்ஸிட்டர் அக்கா: போட்டிருக்கு. கார்ட்வைனர்

பெரியப்பா: ராபர்ட் கையெழுத்து ஒண்ணு வேற எங்கயாவது கிடைச்சா ஒப்பிட்டுக்க. மத்தபடி பதியலாம்

எக்ஸிட்டர் அக்கா: 🙏🙏 பண்ணை வீட்டையும் முழுசா எடுக்க வேண்டாம், சித்தப்பா வீடுன்னு ஓரமா போட்டுக்கலாம்

பெரியப்பா: தாமஸுக்கு அப்பா யாரு?

எக்ஸிட்டர் அக்கா: விட மாட்டீங்களே. தாமஸ், ஜான் ரெண்டு பேருக்குமே இந்த ஊர்ல ஞானஸ்நானம் இல்ல. வெளியூர்ல இருந்து வந்தவங்க. அப்படி வந்தவங்க ஏழையாயிட்டா யார் சோறு போடுறதுன்னு ஊருக்கு ஊர் சண்டை, அதனால சொந்த ஊர்ல இருந்து "இவனை நாங்க திரும்ப ஏத்துக்குவோம்"னு சான்றிதழ் வாங்கிட்டு வரணும். அந்தத் தாள் இருந்தா ஊர் தெரிஞ்சிரும். சர்ச்சுல மூணு பூட்டு போட்ட பெட்டியில வச்சிருந்த தாளுங்க, இப்ப டெவன் ஆவணக் காப்பகத்தில இருக்கு. அடுத்த வாரம் லீவு போட்டுட்டுப் போறேன்

பெரியப்பா: கட்டுக்கட்டா இருக்கும். அவசரப்படாத. வரிசை மாறாம திருப்பி வை

எக்ஸிட்டர் அக்கா: உள்ள பேனாவே விட மாட்டாங்க பெரியப்பா, பென்சில் மட்டும்தான். பையையும் வெளியில வச்சிரணும்

பெரியப்பா: பேனாவை விட மாட்டாங்களா? நல்ல ஆபீஸ்ம்மா

சித்தி: ரெண்டு பென்சிலா எடுத்துட்டுப் போ தங்கம். சீவியும்