புதுப்பிப்பு: குளிர்மழையில் பொங்காத இட்லி மாவு, ஓவன் விளக்கு கைகொடுத்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: கோலாலம்பூரில் வடகிழக்குப் பருவமழை விடாமல் கொட்டி, வீட்டுக்குள்ளேயே 23 டிகிரி. கடைக்குக்கூடப் போக முடியாத நேரத்தில், ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையிலும் அசையாமல் கிடந்தது.

பலித்தது, ஓவன் விளக்கு யோசனைதான். சொன்ன அக்காவுக்குத் தனி நன்றி. ஓவனைச் சூடாக்கவே கூடாது; உள்விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை மூடி உள்ளே வைக்கணும். வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே நின்றது, 10 மணி நேரத்தில் மாவு இரட்டிப்பானது. உங்கள் ஓவனில் எல்இடி விளக்கு என்றால் சூடு வராது. அதற்குப் பதில் ஒரு குவளைக் கொதிநீரைப் பக்கத்தில் வைத்து, ஆற ஆற மாற்றுங்கள்.

அளவு வழக்கம்போல: 4 கப் இட்லி அரிசி, 1 கப் முழு உளுந்து, 1 தேக்கரண்டி வெந்தயம். உளுந்து ஊறிய தண்ணீரையே விட்டு அரைத்தேன்.

ரைஸ் குக்கரை 'வார்ம்'-இல் போடும் யோசனை வேண்டாம். அது 60 டிகிரியைத் தாண்டும். ஓரத்து மாவு வெந்துபோகும், புளிக்க வைக்கும் நுண்ணுயிரும் செத்துவிடும். ஆப்பசோடா போட்டால் இட்லி உப்பும், ஆனால் புளிப்பு வராது.

எதிர்பாராதது ஒன்று: விளக்குப் பக்கத்து மாவு முந்திக்கொண்டு பொங்கி வழிந்தது. பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், அடியில் ஒரு தட்டு வையுங்கள். நடுவில் ஒருமுறை பாத்திரத்தைத் திருப்பி வைத்தால் போதும், கிளற வேண்டாம்.