கருப்பை வாய்ப் புற்றுநோய்: குழந்தை வேண்டும் என்று சொன்ன பிறகு நடந்தவை

என் 31ஆவது வயதில் கருப்பை வாய்ப் புற்றுநோய் இருப்பது பயாப்ஸியில் உறுதியானது. முதலில் பார்த்த மருத்துவர் கருப்பையை எடுத்துவிடலாம் என்றார். அதுவே வழக்கமான சிகிச்சை என்பதால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தை பெறும் விருப்பம் உண்டா என்று அவர் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. வீடு திரும்பியதும் என் கணவர்தான், "நீ சொன்னால்தானே அவருக்குத் தெரியும்" என்றார். மறுவாரம் புற்றுநோய் அறுவை மருத்துவர் ஒருவரிடம் அதைச் சொன்னேன்.

அவர் முதலில் பார்த்தது எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியின் அளவை: 14 மி.மீ. கட்டி 2 செ.மீ.க்கு மேற்படாமலும், நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாமலும், கருப்பை வாயின் மேல்முனையிலிருந்து போதிய தூரம் தள்ளியும் இருந்தால்தான் பொதுவாகக் கருப்பையைக் காப்பது பற்றி யோசிக்கலாம் என்றார். பிறகு ஒரு தாளில், தலைகீழாகப் பிடித்த பேரிக்காயைப் போலக் கருப்பையை வரைந்து, காம்புப் பக்கம் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழுள்ள கருப்பை வாயும், அதை ஒட்டிய இணைப்புத் திசுவும், பிறப்புறுப்பின் மேல்விளிம்பும் போய்விடும். மேலுள்ள உடற்பகுதி மட்டும் நிற்கும். ரேடிக்கல் ட்ரக்கிலெக்டமி எனப்படும் இம்முறையை 1987இல் பிரான்சில் தொடங்கியவர் டானியேல் தார்ஜான் என்ற அறுவை மருத்துவர்.

ஒப்புதல் படிவத்தில் இரண்டு அறுவைகள் எழுதப்பட்டிருந்தன: இந்த அறுவையும், அது முடியாமல் போனால் கருப்பையை எடுக்கும் அறுவையும். கணுக்களையும் வெட்டிய விளிம்பையும் அறுவையின் நடுவிலேயே, திசுவை உறையவைத்து உடனே நுண்ணோக்கியில் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷனுக்கு அனுப்புவார்கள் என்பதும், அவற்றில் நோய் தெரிந்தால் திட்டம் மாறும் என்பதும் புரிந்தேதான் கையெழுத்திட்டேன். மயக்கம் தெளிந்ததும், "கருப்பை இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டேன். செவிலியர் என் கையைப் பிடித்து, "இருக்கிறதம்மா" என்றார்.

பிறகு வந்த நாட்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. சிறுநீர்க் குழாயை எடுத்த பின், ஒவ்வொரு முறையும் சிறுநீர்ப்பையில் எவ்வளவு தேங்குகிறது என்று அளக்க வேண்டியிருந்தது. சிறுநீர் வரும் உணர்வே முதலில் தெரியவில்லை. பரிசோதனைகள் முடிந்து, ஓராண்டுக்குப் பிறகே கருத்தரிக்க அனுமதித்தார்கள். வாய் இல்லாத கருப்பையைத் தாங்க நிரந்தரத் தையல் போட்டிருந்ததால் சிசேரியன்தான் என்பது முன்பே தெரியும். குறைப்பிரசவ அபாயம் அதிகம் என்றும் எச்சரித்திருந்தார்கள். முதல் கரு நான்காம் மாதத்தில் கலைந்தது. அந்த வலியை அறுவையின் வலியோடு ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது முறை, 35ஆவது வாரத்தில் என் மகள் பிறந்தாள்.

மறுமொழி:
என்னுடையது மிகச் சிறியது, நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் ஐஏ1 என்ற ஆரம்ப நிலை. ரத்த, நிணநீர் நாளங்களில் ஊடுருவலும் இல்லை. கூம்பு வடிவில் திசுவை அகற்றி, விளிம்புகளில் நோயில்லை என்று அறிக்கை வந்ததும் சிகிச்சை அதோடு முடிந்தது. பெரிய அறுவைக்குத் தயாராகும் சகோதரிகள், தங்கள் நிலைக்கு அது அவசியமா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

மறுமொழி:
முதல் பதிவை எழுதிய சகோதரிக்கு வாழ்த்துகள். எனக்கு ஃப்ரோசன் செக்‌ஷனில் ஒரு கணுவில் நோய் தெரிந்ததால், அறுவையை அங்கேயே நிறுத்திவிட்டுக் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்தார்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு கருப்பையால் கருவைச் சுமக்க முடியாது என்பதை முன்பே விளக்கியிருந்தார்கள். அறுவைக்கு இரண்டு வாரங்களுக்கு முன், வற்புறுத்தியேனும் கருமுட்டைகளைச் சேமிக்கச் சொன்ன என் அக்காவை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அவற்றை என்ன செய்வது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. வாடகைத்தாய் சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஆண்டுதோறும் சேமிப்பைப் புதுப்பிக்கும் படிவம் வருகிறது. சென்ற வாரமும் கையெழுத்திட்டு அனுப்பினேன்.